இரண்டு பூட்டுத் தொட்டி

மேட்டுப்பாளையம் சாலையில் இறங்கிக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் பெய்த மழை நின்றிருந்தது. சாலையோரப் பாறைகளில் தண்ணீர் இன்னும் நூல்நூலாக வடிந்துகொண்டிருந்தது. கம்பளி நனைந்து, ஈர ஆடு ஒன்றைத் தோளில் சுமப்பதுபோல் கனத்தது. செருப்பு கிடையாது. சாலையில் புதிதாகக் கொட்டியிருந்த ஜல்லி பாதத்தைக் குத்தியது. இதெல்லாம் எனக்குப் பழக்கம்தான்.

பழக்கமில்லாதது ஒன்று இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் என் வலது கை தானாக இடுப்புக்குப் போய் அரைஞாண் கயிற்றைத் தடவியது. இரண்டு மழைக்காலமாக அங்கே ஒரு இரும்புச் சாவி தொங்கியது. பனிக்காலத்தில் வயிற்றில் பட்டால் உடம்பே சிலிர்க்கும். அன்று காலையில்தான் அதை அவிழ்த்துக் கொடுத்திருந்தேன். சாவி இல்லை என்பது கைக்கு இன்னும் தெரியவில்லை.

பின்னால் ஒரு மாட்டுவண்டி வந்தது. உருளைக்கிழங்கு மூட்டை. வண்டிக்காரர் என் பக்கத்தில் வந்ததும் மாட்டை இழுத்துப் பிடித்தார்.

"ஏப்பா, எங்கிருந்து வர்றே?"

"மேல, தண்ணித் தொட்டியில வேலைங்க."

"வேலைய நீ உட்டுட்டயா, அவிய உன்னைய உட்டுட்டாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். "ரெண்டும் இல்லீங்க" என்றேன்.

"இதென்னடா புதுசா இருக்குது! பேச்சுத் துணைக்கு ஆகும்னு ஏத்தலாம்னு பார்த்தேன். நீ ஆகமாட்டே, நடந்தே வா" என்று சிரித்துவிட்டு ஓட்டிப்போய்விட்டார்.

அவர் கேட்டதற்கு அன்று ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்த வாரம் இந்தப் பத்திரிகையில் சொல்லப் பார்க்கிறேன்.

கால் அரிப்பு

பைக்காராவில் மண் சுமந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். இது அதற்கு முந்திய கதை. வெள்ளைக்காரன் காலம். வருஷம் கேட்டால் எனக்குத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த ஊரிலும் நிலைத்ததில்லை. வெற்றிலைக் கிடங்கு, தோல் ஷாப்பு, தேயிலைக் கவாத்து என்று கிடைத்த வேலையைச் செய்வேன். ஒருநாள் கால் அரிக்கும். கிளம்பிவிடுவேன். பசி, குளிர், அட்டைக்கடி எல்லாவற்றையும் வெயில் மழை மாதிரி எடுத்துக்கொள்ளப் பழகியிருந்தேன்.

நீலகிரியில் ஒரு டவுன். பெயர் வேண்டாம். அதை ஒட்டிப் பட்டாளத்துக்காரர்கள் ஒரு முகாம் போட்டிருந்தார்கள். டவுனுக்கு முனிசிபாலிட்டி. பட்டாளத்துக்குத் தனி ஆபீஸ். இரண்டுக்கும் குடிதண்ணீர் ஒரே ஓடையிலிருந்துதான். மேலே சோலைக்காட்டின் விளிம்பில் கல்லால் கட்டிய ஒரு தொட்டி. அதிலிருந்து இரண்டு இரும்புக் குழாய்கள் இறங்கின. ஒன்று டவுனுக்கு, ஒன்று பட்டாளத்துக்கு. தொட்டிக்குள் ஒவ்வொரு குழாயின் வாயிலும் ஒரு மதகுப் பலகை. காலையில் பலகையைத் தூக்கினால் தண்ணீர் போகும். உச்சிவெயிலில் இறக்கினால் தொட்டி மறுபடி நிறையும்.

எனக்கு முந்திய காலத்தில், கோடை வந்தால் டவுன் ஆட்கள் போய்ப் பட்டாளத்துப் பலகையை இறக்கிவிடுவார்களாம். பட்டாளத்து ஆட்கள் போய் டவுன் பலகையை இறக்குவார்களாம். ஒரு கோடையில் மண்டை உடைந்திருக்கிறது. கலெக்டர் வந்து பார்த்துவிட்டு ஒரு ஏற்பாடு செய்தார். தொட்டிக்கு இரும்பு மூடி. மூடியின் இரண்டு பக்கமும் இரண்டு கொண்டி, இரண்டு பூட்டு. ஒரு சாவி முனிசிபாலிட்டி ஆளிடம். மற்றது பட்டாளத்து ஆளிடம். இரண்டு பேரும் வந்தால்தான் மூடி திறக்கும்.

முனிசிபாலிட்டி ஆளாக நான் போய்ச் சேர்ந்தேன். பட்டாளத்து ஆள் ஒரு பெண்.

அவள் பெயர் வேலாத்தாள். அந்த வேலையில் அவள் புருஷன் இருந்திருக்கிறான். காய்ச்சலில் செத்துப்போனான். பனியில் விடிவதற்குள் அந்த ஏற்றம் ஏற வேறு ஆள் கிடைக்கவில்லை. பட்டாளத்து ஓவர்சியர் அவளையே வைத்துக்கொண்டார். செத்தவன் பெண்டாட்டி என்பதால் வேலை. வேலையோடு ஒட்டி ஒரு தகரக் கூரை வீடு. அதில் அவளும் கண் தெரியாத மாமியாரும்.

முதல் நாள் அவள் என்னைப் பார்த்த பார்வை, சந்தையில் மாட்டைப் பார்க்கிற பார்வை.

"புது ஆளுங்களா?"

"ஆமாங்க அம்மிணி."

"உங்களுக்கு முந்தி இருந்தவரு குளிருக்குப் பயந்து ஓடினாரு. அதுக்கு முந்தி இருந்தவரு அட்டைக்குப் பயந்து ஓடினாரு. நீங்க எதுக்கு ஓடுவீங்க?"

"எனக்குப் பயமெல்லாம் இல்லீங்க. கால் அரிச்சாக் கெளம்பிருவேன்."

"அரிக்கறப்ப ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போங்க. சாவிய எங்க தேடறது?" என்று சொல்லிக்கொண்டே தன் பூட்டைத் திறந்தாள்.

பலகையைத் தூக்கிய பிறகு உச்சிவரை காத்திருக்க வேண்டும். காட்டில் நெருப்பு மூட்டக்கூடாது. அவள் ஒரு தூக்கில் கருப்பட்டிக் காப்பி கொண்டுவருவாள். அதைத் துணியில் சுற்றிச் சுற்றி வைத்திருப்பாள். ஏறி வருவதற்குள் பாதிச் சூடு போய்விடும். மிச்சச் சூட்டில் ஆளுக்குக் கொஞ்சம். அந்தக் காப்பியில் கருப்பட்டி, ஈரத்துணி, பாசி எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை அடிக்கும். இன்றைக்கும் ஏதாவது ஈரச் சுவரைத் தாண்டிப் போனால் அது மூக்கில் வருகிறது.

விழுந்த மரம்

அந்த இடத்தில் எத்தனை அரசாங்கம் இருந்தது என்பதை ஒரு மரம் விழுந்தபோதுதான் நான் தெரிந்துகொண்டேன்.

ஆடிக்காற்றில் ஒரு பெரிய மரம் பாதையின் குறுக்கே விழுந்து, கிளை தொட்டியின் மேல் சாய்ந்தது. முனிசிபாலிட்டி ஓவர்சியரிடம் போய்ச் சொன்னேன். "தொட்டி நம்மது. மரம் காட்டிலாகாவுது. தொட முடியாது" என்றார். வேலாத்தாள் அவளுடைய ஓவர்சியரிடம் சொன்னாள். "எங்களுது குழாய் மட்டும்தான்" என்றாராம். பாதை ஜில்லா போர்டைச் சேர்ந்தது. போர்டு ஆள் ஒருவர் குடையோடு வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

மாதக்கணக்கில் நாங்கள் அதன் அடியில் குனிந்து போய் வந்தோம்.

ஒருநாள் வேலை நடந்தது. காட்டிலாகா ஆட்கள் வந்து நல்ல அடிமரத்தை அறுத்து எடுத்துப்போனார்கள். இன்னொரு நாள் போர்டு ஆட்கள் பாதையில் கிடந்த நடுத்துண்டை மட்டும் வெட்டித் தள்ளினார்கள். தொட்டியின் மேல் கிடந்த கிளை அப்படியே கிடந்தது.

"அவங்கவங்க பங்கை ஒழுங்கா எடுத்துட்டாங்க பாருங்க. இது நம்ம பங்கு" என்று வேலாத்தாள் அரிவாளை எடுத்துக் கிளையைக் கழித்தாள். நான் இழுத்துப் போட்டேன். அந்த விறகு அவள் வீட்டில் வெகுநாள் எரிந்தது.

கோத்த பூட்டுகள்

மரம் விழுந்ததில் மூடியின் கொண்டி ஒன்று உடைந்து, மற்றது நெளிந்துபோயிருந்தது. அதை யார் சரிசெய்வது? மூடி முனிசிபாலிட்டியுடையது. உடைந்த கொண்டியில் தொங்கியதோ பட்டாளத்துப் பூட்டு. இரண்டு ஓவர்சியர்களும் மாற்றி மாற்றிக் கையைக் காட்டினார்கள். கடைசியில் யாரோ ஒரு சங்கிலியைக் கொடுத்து, "ரெண்டு பூட்டும் தொங்கோணும், அவ்வளவுதான்" என்றார்கள்.

சங்கிலியை மூடியின் கைப்பிடியிலும் கல்லில் பதித்த வளையத்திலும் நுழைத்துச் சுற்றினோம். ஒரு முனையில் என் பூட்டை மாட்டினேன். மறுமுனையில் அவள் தன் பூட்டை மாட்டினாள். இரண்டு முனையையும் சேர்க்க வேண்டுமே! என் பூட்டின் வளையத்துக்குள் அவள் பூட்டின் வளையத்தைக் கோத்தோம். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பூட்டும் கைகோத்துக்கொண்டு நடுவில் தொங்கின.

கொஞ்ச நாள் கழித்து எனக்குக் கடுங்காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. டவுனுக்குத் தண்ணீர் போயிருக்காது, வேலை போயிற்று என்று படுத்துக் கிடந்தேன். ஆனால் சந்தைக் குழாயில் தண்ணீர் வழக்கம்போல் வந்ததாகச் சொன்னார்கள். மறுநாள் தள்ளாடிக்கொண்டு ஏறினேன்.

"நேத்து யாருங்க தெறந்தது?"

"நாந்தேன்."

"என்ற சாவி என்ற இடுப்புலயல்ல இருந்துச்சு?"

"உங்க சாவி எதுக்குங்க?" என்று அவள் தன் பூட்டைத் திறந்தாள். கோத்த வளையம் கழன்றது. சங்கிலி சரசரவென்று இறங்கியது. என் பூட்டு பூட்டியபடியே ஒரு முனையில் தொங்கியது. "உங்களுதைத் தெறந்தாலும் இப்படித்தான் வருமுங்க. நேத்து வரைக்கும் எனக்கும் தெரியாது."

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு இருமல் வந்து புரையேறியது. அவள் காப்பியை நீட்டினாள்.

"இனி எதுக்குங்க ரெண்டு பேரும் ஏறிச் சாகோணும்?" என்றாள். "ஒரு நாள் நீங்க, ஒரு நாள் நான்."

"சரிதானுங்க" என்றேன்.

அடுத்த நாள் அவள் முறை. பூட்டு நனைந்து துருப்பிடித்திருக்குமோ என்று பார்க்க நான் போனேன். அதற்கு அடுத்த நாள் என் முறை. சுள்ளி பொறுக்க வேண்டுமென்று அவள் வந்தாள். அதற்கடுத்த நாள் ஏதோ மறந்துபோனதை எடுக்க நான். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டோம். இரண்டு பேரும் எல்லா நாளும் போனோம். முறை வைத்த பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அந்த நாட்களில் எனக்குக் கால் அரித்ததே இல்லை.

மாரக்காள்

தொட்டியிலிருந்து இறங்கும் வழியில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் கூலி லைன், அதாவது கூலிக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். இரண்டு குழாயும் லைனுக்குப் பின்னாலேயே போயின. ஆனால் லைனில் ஒரு குழாய் வாய்கூடக் கிடையாது. லைன் டவுன் எல்லைக்குள் இல்லை. பட்டாளத்து எல்லைக்குள்ளும் இல்லை. போர்டைக் கேட்டால், எஸ்டேட் துரைதான் செய்ய வேண்டும் என்பார்கள். துரையைக் கேட்டால், தண்ணீர் சர்க்காருடையது என்பார். பெண்கள் செங்குத்தான பள்ளத்தில் இறங்கி, ஊற்றுக் குழியில் மொண்டு வருவார்கள். கோடையில் அந்தக் குழியில் கலங்கல்தான்.

லைனில் மாரக்காள் என்று ஒருத்தி. கொழுந்து பறிப்பவள். வாய் அதிகம். நாங்கள் இறங்கும்போதெல்லாம் கத்துவாள்.

"வர்றாங்க பாருங்கடி தண்ணி ராசாவும் ராணியும்! பட்டாளத்துக் குதிரை குளிக்குது. எங்களுக்கு நாக்கு நனைக்க வழியில்ல. ஏன் வேலா, அந்தச் சாவியில எங்களுக்கு ஒரு சொட்டு வராதா?"

வேலாத்தாள் தலையைக் குனிந்துகொண்டு நடப்பாள். அந்த லைனுக்குத்தான் அவள் உப்பு வாங்கவும் நெருப்பு வாங்கவும் போவாள்.

"அவிய கேக்கறது நாயந்தானுங்க" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

ஒரு கோடையில் லைனில் பேதி வந்தது. மாரக்காளின் புருஷனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவன் திரும்பி வரவில்லை. இன்னும் சிலரும் போனார்கள். அதற்கப்புறம் மாரக்காள் எங்களைப் பார்த்துக் கத்துவதில்லை. பார்ப்பாள், அவ்வளவுதான். அவள் கத்தியதே தேவலை என்று எனக்குத் தோன்றியது.

எல்லாரும் ஏறி வந்த நாள்

பேதி லைனோடு நிற்காது, டவுனுக்கும் பட்டாளத்துக்கும் வரும் என்று பயம் வந்தது. அப்போதுதான் எல்லாரும் சேர்ந்து ஏறி வந்தார்கள். சப் கலெக்டர், பட்டாளத்து இன்ஜினியர் துரை, முனிசிபாலிட்டி சேர்மன், போர்டு ஓவர்சியர், காட்டிலாகா ரேஞ்சர், குதிரையில் எஸ்டேட் துரை. ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு டவாலிச் சேவகன். ஒவ்வொருவருக்கும் தனித்தனி பிளாஸ்க். ஒருவர் டீயை இன்னொருவர் குடிக்கவில்லை.

ஆனால் காரியம் என்னவோ சட்டென்று நடந்தது. தொட்டியில் மூன்றாவதாக ஒரு பலகை. லைனுக்கு ஒரு குழாய். குழாய் வாங்குவது எஸ்டேட். பள்ளம் தோண்டுவது போர்டு. காட்டு நிலத்துக்கு ரேஞ்சர் சம்மதம். தண்ணீர் பாதி முனிசிபாலிட்டி பங்கிலிருந்து, பாதி பட்டாளத்துப் பங்கிலிருந்து. பொருத்துகிற ஆள் பட்டாளத்து ஆள். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் என்று நான் வாயைப் பிளந்து நின்றேன்.

புறப்படும்போது இன்ஜினியர் துரை சங்கிலியைப் பார்த்தார். குனிந்தார். இரண்டு பூட்டையும் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். இங்கிலீஷில் ஏதோ சொன்னார். சப் கலெக்டர் தமிழர். எங்கள் பக்கம் திரும்பினார்.

"இப்படி மாட்டியிருந்தால் ஒரு சாவி போதுமே. எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"மரம் உளுந்ததுல இருந்துங்க" என்றாள் வேலாத்தாள்.

"ஒரு ஆள் போதும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க."

"அப்ப முறை போட்டுக்கொண்டு வருகிறீர்களா?"

"இல்லீங்க. ரெண்டு பேரும்தான் வருவோமுங்க."

"தினமுமா?"

"தினமுந்தானுங்க."

"எதுக்கு?"

அவள் தரையைப் பார்த்தாள். நான் காட்டைப் பார்த்தேன். ஒரு டவாலிச் சேவகன் இன்னொருவனை முழங்கையால் இடித்தான். சப் கலெக்டர் மறுபடி கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இனிமேல் ஒரு பூட்டு, ஒரு ஆள். சம்பளத்தை இரண்டு ஆபீசும் பங்கு போட்டுக்கொள்ளட்டும்" என்றார்.

ஆள் யார் என்றதும் எல்லாம் மறுபடி நின்றது. தொட்டி எங்களுடையது, எங்கள் ஆள்தான் என்றார் சேர்மன். முடியாது என்றார் இன்ஜினியர் துரை. பொறுப்பான ஆள் யாரென்று ஒருமுகமாகச் சொல்லுங்கள், அதுவரை குழாய் வேலை ஆரம்பிக்காது என்று சொல்லிவிட்டு சப் கலெக்டர் இறங்கிப்போனார்.

எங்கள் ஓவர்சியர் என்னைத் தனியாக இழுத்தார். "டேய், உட்டுக் குடுத்துறாத. முனிசிபாலிட்டி மானமே உன்ற கையிலதான் இருக்குது" என்றார். என் கையில் அப்போது அவருடைய காலி பிளாஸ்க் இருந்தது.

குழாய்களின் மேல் உட்கார்ந்தவர்கள்

எஸ்டேட் துரை சொன்னபடி குழாய்களை வாங்கி அனுப்பினார். லைனுக்குப் பக்கத்தில் புல்லில் அடுக்கி வைத்தார்கள். தோண்ட ஆள் வரவில்லை. ஆள் விஷயத்தில் முனிசிபாலிட்டியும் பட்டாளமும் விட்டுக்கொடுக்கவில்லை. குழாய்களைச் சுற்றிப் புல் வளர்ந்தது. சாயங்காலத்தில் லைன் பெண்கள் அந்தக் குழாய்களின் மேல் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பேன் பார்த்தார்கள்.

கீழே டவுனில் பேச்சு கிளம்பியிருந்தது. ஒரு சாவி போதும் என்று தெரிந்தும் இரண்டு பேரும் தினமும் எதற்குப் போனார்கள் என்று டவாலிச் சேவகர்கள் ஊரெல்லாம் சிரித்துச் சொன்னார்கள். செத்தவன் பெண்டாட்டி என்ற பெயரில்தான் அவள் வேலையும் வீடும் நின்றன. அந்தப் பேச்சு முற்றினால் இரண்டும் நிற்காது.

ஒருநாள் இறங்கும்போது மாரக்காள் குழாயின் மேலிருந்து எழுந்து எங்கள் வழியை மறித்தாள். அவள் கத்தவில்லை.

"உங்க ரெண்டு பேருல யாராச்சும் ஒருத்தரு போயிருங்களேன்" என்றாள். "இன்னொரு கோடை வருது."

மறுநாள் தொட்டியோரம் காப்பி குடிக்கும்போது நான்தான் ஆரம்பித்தேன்.

"அம்மிணி, எங்கூட கீழ வந்துருங்களேன். எங்கியாச்சும் பொழச்சுக்கலாம்."

அவள் தூக்கின் மூடியைத் திருகித் திருகித் திறந்தாள், மூடினாள்.

"மாமியாளை எங்கீங்க உடறது? கண்ணு தெரியாத உசுரு. அது அந்த ஊட்டைத் தடவித் தடவிப் பழகிருச்சு. அவரு பேரைச் சொல்லித்தான் அந்தக் கூரை நிக்குது. நான் வேற ஊட்டுக்குப் போனா, அதைத் தெருவுலயல்ல உட்டுப்போட்டுப் போகோணும்?"

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அதை நான் அன்றே கவனித்தேன். இன்றுவரை கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

"நீங்களே இந்த வேலைய வெச்சுக்குங்க" என்றாள். "நான் கொழுந்து பறிக்கப் போறேன். லைனுல ஒரு மூலை குடுப்பாங்க."

"குடுப்பாங்களா?"

"குடுக்கமாட்டாங்கதான்" என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

பிறகு நான் சொன்னேன்: "எனக்குக் கால் அரிக்குதுங்க அம்மிணி."

அவள் திரும்பி என் காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"பொய்" என்றாள்.

"மெய்தானுங்க. அரிக்கறப்பச் சொல்லிப்போட்டுப் போகச் சொன்னீங்களே, அதான் சொல்றேன்."

காப்பியில் அன்று என் பங்கு அதிகம் இருந்தது. உச்சிவரை அவள் சுள்ளி பொறுக்கப் போகவில்லை.

குழாயில் வந்த சத்தம்

மறுநாள் விடியுமுன் மழையில் தனியாக ஏறினேன். என் பூட்டைத் திறந்து கழற்றினேன். இனி சங்கிலியின் இரண்டு முனையும் அவள் பூட்டின் வளையத்துக்குள் வர வேண்டும். அவள் பூட்டின் சாவியோ அவளிடம். அதனால் அவள் பூட்டை அதன் முனையிலேயே விட்டுவிட்டு, மறுமுனையை அதோடு ஒரு கம்பியால் முறுக்கிக் கட்டினேன். அவள் வந்து சரிசெய்துகொள்வாள். கம்பியைக் கட்டியவன் யார் என்று அவளுக்குத் தெரியும்.

இறங்கும் பாதை குழாயை ஒட்டியே போகும். பலகையைத் தூக்கும்போது தண்ணீர் பாய்ந்து அந்த இரும்பு அதிரும். ஓவர்சியர் வீட்டுக்குக் கொஞ்சம் மேலே, அது தரைக்கு வெளியே தெரிகிற இடத்தில், உட்கார்ந்து கையை வைத்தேன். இரும்பு சில்லிட்டிருந்தது. அவள் ஏறிப்போய்ச் சேரும் நேரம் ஆயிற்று. குழாய் சும்மா இருந்தது. மழை நின்றது. லைனில் கோழி கூவியது, புகை கிளம்பியது, கொழுந்துக்கு ஆள் கூப்பிடும் தப்பு மேளம் அடித்தார்கள். இன்னும் குழாய் சும்மாவே இருந்தது.

வெகுநேரத்துக்கு அப்புறம் உள்ளங்கைக்குக் கீழே மெல்ல ஒரு நடுக்கம் வந்தது. பிறகு தண்ணீர் ஓடும் சத்தம்.

எழுந்துபோய் ஓவர்சியரிடம் பூட்டையும் சாவியையும் கொடுத்தேன். "பட்டாளத்து ஆளே இருக்கட்டுமுங்க" என்றேன்.

"அடப்பாவி, மானத்த வாங்கிட்டியேடா!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் வேறு ஆள் கைவசம் இல்லாததால் முனிசிபாலிட்டி அதற்குமேல் பிடிவாதம் பிடிக்க முடியாது என்று அவருக்கும் தெரியும்.

பல வருஷம் கழித்து மேட்டுப்பாளையம் சந்தையில் அந்தப் பக்கத்து ஆள் ஒருவரைப் பார்த்தேன். லைனுக்குக் குழாய் வந்தாச்சா என்று கேட்டேன். "அது பேதி வந்ததுக்கு மறு கோடைக்கு முந்தியே வந்துருச்சே! அங்க மாரக்கான்னு ஒரு கெழவி. அவ குடம் ரொம்பாம ஒருத்தரும் பக்கத்துல போக முடியாது" என்றார். தொட்டியைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

பர்லியார்

அன்றைக்கு இறங்க இறங்கக் குளிர் விட்டது. கம்பளி காய்ந்தது. தைல மர வாசனை போய்ப் பாக்கு மர வாசனை வந்தது. பர்லியாரில் சர்க்கார் பழத்தோட்டத்துக்கு எதிரே ஒரு வண்டிப்பேட்டை. வண்டிக்காரர்களோடு அங்கேயே படுத்துக்கொண்டேன். காலையில் சாலையைக் கடந்து தோட்டத்து மேஸ்திரியிடம் வேலை கேட்டேன்.

"என்ன வேலை தெரியும்?"

"தண்ணி தெறக்கத் தெரியுமுங்க. அடைக்கத் தெரியுமுங்க."

"கேட்டைத் தெறக்கத் தெரியுமா? ராத்திரி காட்டுப்பன்னியும் மாடும் பூந்து மங்குஸ்தான் செடியெல்லாம் பாழாக்குது. கேட்டுக்கு ஒரு ஆள் வேணும்."

"செய்யறேனுங்க. பூட்டு எத்தனைங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏப்பா, ஒரு கேட்டுக்கு எத்தனை பூட்டு போடுவாங்க?" என்று சாவியை என் கையில் போட்டார்.

சின்னச் சாவி. அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு கேட்டுக்குப் போனேன். வாசலில் பழக்கூடைக்காரர்கள் காத்திருந்தார்கள். பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, மேலேயிருந்து சாலை இறங்கி வரும் வளைவைப் பார்த்தபடி நின்றேன்.

"என்னப்பா, தெறக்காம யாரைப் பார்த்துட்டு நிக்கறே?" என்று பின்னாலிருந்து மேஸ்திரி சத்தம் போட்டார்.

அப்புறம்தான் திறந்தேன்.